புண் ஆறியது, பயம் ஆறவில்லை

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் பெருஞ்சாலையில் நாற்பது கிலோமீட்டர் போனால் ஸ்ரீபெரும்புதூர் வருகிறது. உடையவர் அவதரித்த ஸ்தலம் என்று சேவிக்கப் போகிறவர்கள் ஒரு வகை. சாலையோரத்து நினைவுத் தூண்களைக் கண்டு வண்டியை நிறுத்தி இறங்குகிறவர்கள் இன்னொரு வகை. 1991-ஆம் வருஷம் மே மாதம் 21-ந் தேதி இரவு, ராஜீவ் காந்தியும் அவரோடு பலரும் அந்த இடத்தில் வெடிகுண்டுக்கு இரையானார்கள். மாண்டவர்களுக்கு நினைவுச் சின்னம் எழுந்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் நின்று, உயிர் தப்பி, நடுராத்திரியில் வீடு போய்ச் சேர்ந்தவர்கள் என்ன ஆனார்கள்? அவ்வருஷத்துத் தீபாவளியன்று அடுத்த வீட்டுப் பையன் ஓர் அணுகுண்டு வெடியைக் கொளுத்தியபோது, அவர்கள் எந்த அறைக்குள் போய்ப் பதுங்கினார்கள்? அந்த வழியே போகும்போதெல்லாம் இந்தக் கேள்வி நமக்கு எழாமல் இருப்பதில்லை.

அந்தக் குண்டு ஒரு முறைதான் வெடித்தது. அதே மண்ணில் இயந்திரங்கள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மோட்டார்கள் உருவாகத் தொடங்கின. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் ஆலை திறக்கப்பட்டது. பிறகு லாரி ஆலை, மோட்டார் சைக்கிள் ஆலை, டயர் ஆலை என்று ஏரிக்கரைகளும் சவுக்குத் தோப்புகளும் இருந்த ஊர்கள் தேசத்துக்கே சக்கரம் பூட்டிக் கொடுக்கும் ஊர்களாயின. நமக்கு இதில் பெருமைதான். பெரிய ஆலை ஒன்று இருந்தால் அதைச் சுற்றிக் கீலும் தகடும் செய்து தரும் பட்டறைகள் பல இருக்கும். தகடு வெட்டும் வேலை பெரும்பாலும் பவர் பிரஸ் என்னும் அழுத்து இயந்திரத்தில் நடக்கிறது. மேலச்சு இறங்கும் கணத்தில் கை உள்ளே இருந்தால் என்ன ஆகும் என்று நாம் விவரிக்கப் போவதில்லை. ஹரியானாவில் குருகிராம், மானேசர் பக்கத்து மோட்டார் தொழிலாளருக்காக உழைக்கும் 'ஸேஃப் இன் இந்தியா' என்னும் சங்கம், 2019 முதல் இத்தகைய விபத்துகளைப் பற்றி அறிக்கைகள் வெளியிட்டு வருகிறது. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'நசுங்கியவர்கள்' என்று பொருள்படும் ஒற்றைச் சொல். அந்த அறிக்கைகளில் வரும் காயங்களில் மிகுதியானவை பவர் பிரஸ்ஸில் விரல்கள் போனவை.

விரல் போன கதையை எழுத இப்போது நாம் உட்காரவில்லை. விரல் போன பிறகு வரும் இரவுகளைப் பற்றித்தான் எழுதப் போகிறோம்.

ஓர் இளைஞரை எண்ணிப் பாருங்கள். திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமம், ஐ.டி.ஐ. படிப்பு, காண்டிராக்ட் வேலை, சுங்குவார்சத்திரத்தில் ஆறு பேர் சேர்ந்து எடுத்த ஓர் அறை. இரண்டு விரல்கள் போயின. தையல் போட்டார்கள், புண் ஆறிற்று, மூன்றாம் மாதம் வேலைக்கு வரலாம் என்று சீட்டும் கொடுத்துவிட்டார்கள். ஆனால் அவர் தூங்குவதில்லை. கண்ணை மூடினால் மேலச்சு இறங்குகிறது. அறையில் யாரேனும் தட்டைக் கீழே போட்டால் உடம்பு தூக்கிவாரிப் போடுகிறது. ஆலைப் பேருந்து நிற்கும் இடத்துக்குப் போகாமல் சுற்று வழியில் நடக்கிறார். ஊரிலிருந்து தாயார் டெலிபோன் செய்தால் எரிந்து விழுகிறார். "பையன் மாறிப் போய்விட்டான், கண் பட்டிருக்கிறது" என்று அந்த அம்மாள் வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டிக்கொள்கிறாள்.

கண்ணும் படவில்லை, பையன் கோழையும் அல்ல. இந்த நோய்க்கு நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது. முதல் உலக யுத்தத்தில் பீரங்கி வாயிலிருந்து மீண்ட சிப்பாய்கள் காயம் ஏதுமின்றிக் கை கால் நடுங்கி, ஊமையாகி, இரவெல்லாம் அலறினார்கள். 1915-இல் சார்லஸ் மையர்ஸ் என்னும் ஆங்கில வைத்தியர் 'ஷெல் ஷாக்' என்ற பெயரை வைத்தியப் பத்திரிகையில் ஏற்றினார். தளபதிகள் பலருக்கு அதில் நம்பிக்கையில்லை; பயங்கொள்ளிகளின் சாக்கு என்றே கருதினார்கள். வியட்நாம் யுத்தத்திலிருந்து திரும்பியவர்களைப் பார்த்த பிறகுதான், 1980-இல், அமெரிக்க மனோவைத்தியர் சங்கம் இதற்கு இன்று வழங்கும் பெயரைக் கொடுத்தது. பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய் என்று நாம் தமிழில் சொல்லிக்கொள்ளலாம். யுத்தம்தான் வேண்டும் என்பதில்லை. ரயில் விபத்து, தீ, பலாத்காரம், வெள்ளம், இயந்திரம் எதுவும் போதும். அபாயம் கடந்து போன பின்னும் உள்ளே ஒரு காவற்காரன் தூங்காமல் தடியைத் தட்டிக்கொண்டே இருக்கிறான். நோய் இவ்வளவுதான்.

அதிர்ச்சி அடைந்தவர்கள் எல்லோருக்கும் இது வந்துவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முதல் சில வாரங்கள் தூக்கமின்மையும் திடுக்கிடலும் பெரும்பாலோருக்கு உண்டு. பெரும்பாலோருக்கு அவை தாமாகவே தணிந்தும் விடுகின்றன. ஒரு மாதம் கடந்தும் தணியாமல், வேலையையும் வீட்டையும் கெடுக்கத் தொடங்கினால்தான் வைத்தியர்கள் நோய் என்கிறார்கள்.

நம் இளைஞரின் அறைத் தோழர் ஒருவர் நல்ல மனத்துடன் சொல்கிறார்: "நம்ம கடையிலே ஒரு சின்ன மாத்திரை கேளுங்க, அண்ணே. படுத்தா விடியறது தெரியாது." அன்றிரவு அவர் தூங்குகிறார். மூன்று மாதத்தில் முதல் தூக்கம். அந்த மாத்திரையைப் பற்றி அவருக்கு இனி யாராவது தீமை சொன்னால் நம்புவாரா? நாமாயிருந்தால் நம்பமாட்டோம்.

மாத்திரையின் வரலாறு சுவையானது. லியோ ஸ்டெர்ன்பாக் என்னும் யூத ரஸாயன விஞ்ஞானி ஐரோப்பாவில் பிறந்து, ஹிட்லரின் காலத்தில் 1941-இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர். ஹாஃப்மன்-லா ரோஷ் கம்பெனியில் அவர் கண்டுபிடித்த ஒரு பொருள் 1960-இல் 'லிப்ரியம்' என்ற பெயரில் கடைக்கு வந்தது. 1963-இல் 'வாலியம்' வந்தது. டயஸிபாம் என்பது அதன் ரஸாயனப் பெயர். அதற்கு முன் வழங்கிய பார்பிட்டியூரேட் தூக்க மருந்துகள் சற்று மிஞ்சினால் உயிரையே வாங்கிவிடும். புதியவை அவ்வளவு கொடியவை அல்லவாகையால் உலகம் இரு கை நீட்டி வரவேற்றது. இன்று நம் ஊரில் அதிகம் அடிபடும் அல்பிரசோலம், குளோனஸிபாம், லோரஸிபாம் எல்லாம் அந்த ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். மூளையில் இயற்கையாகவே ஒரு பிரேக் இருக்கிறது; இந்த மருந்துகள் அந்தப் பிரேக்கின் மேல் இன்னும் கொஞ்சம் காலை வைத்து அழுத்துகின்றன. படபடப்பு குறைகிறது, தசை தளர்கிறது, தூக்கம் வருகிறது. இவையெல்லாம் மெய்யான நன்மைகள். வலிப்பு நிற்காதவனுக்கும், குடியை விட்டதால் நடுங்குகிறவனுக்கும், அறுவை மேஜையில் கிடக்கிறவனுக்கும் இவை அரிய மருந்துகள். கடுமையான பதற்றத்துக்கும் சில நாட்கள் கொடுக்கலாம். இரண்டு முதல் நாலு வாரங்களுக்கு மேல் வேண்டாம் என்று 1988-இலேயே இங்கிலாந்தின் மருந்துப் பாதுகாப்புக் குழு எச்சரித்திருக்கிறது.

அப்படியானால் பேரதிர்ச்சி நோய்க்கு மட்டும் இவை ஏன் ஆகாது? பயத்துக்குப் பயம் போக்கும் மருந்தைக் கொடுப்பதில் என்ன தப்பு? படித்தவர்களே இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். ஆகையால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

இயந்திரத்தின் ஓசை கேட்டதும் இளைஞரின் உடம்பு 'அபாயம்' என்கிறது. அந்தப் பாடத்தை ஒரே ஒரு கணத்தில், விரலைக் கொடுத்து, அவர் கற்றுக்கொண்டார். குணமாவது என்றால் அதை மறப்பதன்று, மறக்கவும் முடியாது. 'அந்த ஓசை வந்தது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை' என்ற புதுப் பாடத்தைப் பல முறை கற்று, பழைய பாடத்தின் மேல் அதை அடுக்க வேண்டும். இந்தப் படிப்புக்கு மூளை விழித்திருக்க வேண்டும். பயம் சற்று எழுந்து, உச்சிக்கு வந்து, தானாக இறங்குவதை அவரே உணர வேண்டும். மாத்திரையோ பயத்தை எழவே விடுவதில்லை. புதிதாகக் கற்பதையும் நினைவில் பதிவதையும் மந்தப்படுத்துகிறது. பிரேக்கை மிதித்தபடியே மோட்டார் ஓட்டப் பழகுகிறவனைப் போல, எத்தனை நாள் உட்கார்ந்தாலும் வண்டி நகர்வதில்லை. 'மாத்திரை போட்டதால் தப்பித்தேன்' என்பதுதான் மிஞ்சும் ஒரே பாடம்.

இது வெறும் தர்க்கம் அல்ல. 1996-இல் இஸ்ரேல் வைத்தியர்கள் ஒரு சிறு ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். விபத்து முதலிய அதிர்ச்சிகளுக்கு ஆளான 13 பேருக்குச் சில நாட்களிலேயே இந்த வகை மருந்தைத் தொடங்கினார்கள். மருந்தில்லாத வேறு 13 பேரோடு ஒப்பிட்டார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், மருந்து உண்டவர்களிடையேதான் நோய் அதிகம். இருபத்தாறு பேரைக் கொண்டு உலகத்துக்குத் தீர்ப்பெழுத முடியாது, நாமும் எழுதவில்லை. ஆனால் 2015-இல் பதினெட்டு ஆராய்ச்சிகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தவர்களும், ஐயாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளின் கணக்கிலிருந்து, இந்த நோய்க்கு இம்மருந்துகளால் பயனில்லை, தீங்கே மிகுதி என்ற முடிவுக்குத்தான் வந்தார்கள். அதிர்ச்சி நேர்ந்த முதல் மாதத்தில் பதற்றத்துக்கோ தூக்கமின்மைக்கோ இவற்றைக் கொடுக்க வேண்டாம் என்று 2013-இல் உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லிற்று. யுத்த வீரர்களைப் பல்லாண்டுகளாகப் பார்த்துவரும் அமெரிக்க ராணுவ வைத்தியத் துறையும் 2023-ஆம் வருஷத்து விதிகளில் இந்த நோய்க்கு இவை வேண்டாம் என்றே எழுதியிருக்கிறது.

பயனில்லை என்பதோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இல்லை. அபாயம் அதற்கு மேல் இருக்கிறது; அதிலும் ஒரகடத்து வாழ்க்கைக்கு அது இரட்டிப்பு.

ஒரு வாரம் பகல் ஷிப்ட், மறு வாரம் இரவு ஷிப்ட். இரவு ஷிப்ட் முடிந்து காலை எட்டு மணிக்கு வெயிலில் படுக்கிறவர் மாத்திரை போடுகிறார். டயஸிபாம் போன்றவை உடம்பை விட்டு நீங்க நாட்கணக்கில் ஆகும். நாள்தோறும் விழுங்கினால் நேற்றைய மிச்சத்தின் மேல் இன்றையது சேர்கிறது. அந்த மயக்கத்தோடு அவர் மறுபடி எந்த இயந்திரத்தின் முன் நிற்கிறார் என்று நினைத்துப் பாருங்கள். விரலை வாங்கிய அதே இயந்திரம்! கை சற்றுத் தாமதமாக வெளியே வருவது எவ்வளவு காலம்? கண் இமைக்கும் நேரந்தான். சிங்கப்பெருமாள்கோவில் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கிடையே இருசக்கர வண்டியில் வருகிற பெண் தொழிலாளிக்கும் இதே கணக்குதான்.

இரண்டாவது அபாயம் கூட்டணி. அடிபட்டவருக்கு வலி மாத்திரை கொடுத்திருப்பார்கள். அது டிராமடால் போன்ற அபினி இனத்து மருந்தாக இருக்கலாம். மனத்தின் வலிக்கு டாஸ்மாக் கடை திறந்திருக்கிறது. இம்மூன்றில் ஒவ்வொன்றும் மூச்சைச் சற்றே தணிக்கக்கூடியது. ஒரே இரவில் இரண்டு சேர்ந்தாலும் தூங்கியவர் எழுந்திராமற் போகக்கூடும். அபினி இன மருந்தோடு இவற்றைச் சேர்ப்பதைப் பற்றி அமெரிக்க மருந்துத் துறை 2016-இல் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்க உத்தரவிட்டது.

மூன்றாவது, பிடி. சில வாரங்களிலேயே உடம்பு மாத்திரைக்குப் பழகிவிடுகிறது. ஒன்று போதாமல் இரண்டு வேண்டியிருக்கிறது. மாதக் கடைசியில் பணம் தீர்ந்து மாத்திரை நின்றால், பழைய பயம் வட்டியும் முதலுமாகத் திரும்புகிறது. 'பார்த்தாயா, என் நோய் எவ்வளவு கடுமை!' என்று அவர் நினைக்கிறார். நோயல்ல, மாத்திரை கேட்கிற கூலி அது.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். இதைப் படித்துவிட்டு, நம் வீட்டில் யாரோ வருஷக்கணக்கில் சாப்பிட்டுவரும் மாத்திரையைப் பிடுங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள். பழகிய உடம்பிலிருந்து இதைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். கொடுத்த வைத்தியரிடமே போய், வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்து இறங்க வேண்டும். மாடி ஏறியவன் படி வழியாகத்தானே இறங்க வேண்டும்?

சர்க்கார் சும்மா இருக்கவில்லை. அல்பிரசோலம், டயஸிபாம் முதலியவற்றை 2013-இல் 'ஹெச்-1' என்ற பட்டியலில் சேர்த்தார்கள்; 2014 மார்ச்சு முதல் அது நடைமுறைக்கு வந்தது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்றால் வைத்தியர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு மூன்றையும் தனி நோட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். அட்டையின் மேல் சிவப்பு எழுத்தும் உண்டு. பல கடைக்காரர்கள் விதிப்படி நடக்கிறார்கள். ஆனால் கடையின் நோட்டால் வீட்டு அலமாரியைக் காவல் காக்க முடியுமா? பாட்டிக்கு எழுதிய அட்டையிலிருந்து பேரனுக்கு அரை மாத்திரை கிள்ளிக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் தொன்றுதொட்டு இருக்கிறது. தானத்தில் சிறந்தது என்று நாம் கருதும் தானங்களில் மாத்திரை தானமும் ஒன்றாகிவிட்டது! பாட்டிக்கே அது நல்லதல்ல என்பதும் இடையில் ஒரு செய்தி. வயதானவர்கள் இந்த மருந்தின் மயக்கத்தில் நடு இரவில் எழுந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்கிறார்கள்.

ஜனங்கள் சரியான வைத்தியரிடம் போகாமல் கடைக்குப் போவதற்குக் காரணம் பணம் மட்டும் அல்ல. கீழ்ப்பாக்கம் என்ற ஊரின் பெயரையே நாம் வசைச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம். 1794-இல் தொடங்கிய அந்த மனநல ஆஸ்பத்திரி எத்தனை குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறது! அதன் தலைமைப் பொறுப்பில் பல்லாண்டு இருந்தவர் டாக்டர் சாரதா மேனன், நம் நாட்டின் முதல் பெண் மனோவைத்தியர். 1984-இல் சென்னையில் 'ஸ்கார்ஃப்' என்னும் ஸ்தாபனம் உருவாகக் காரணமானவர். இருந்தும் சினிமாவில் கீழ்ப்பாக்கம் என்றால் இன்னும் சிரிப்புத்தான். அடிபட்ட கையைத் துணி சுற்றி ஊருக்குக் காட்டத் தயங்காத இளைஞர், 'மனத்துக்கு வைத்தியம்' என்ற பேச்சை எடுத்தால் கல்யாணம் நின்றுவிடும் என்று நடுங்குகிறார். அவர் சொல்வது பொய்யும் அல்ல.

சட்டமும் இந்தக் கூச்சத்தைப் பங்கிட்டுக்கொள்கிறது. 1923-இல் பிறந்த தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தோடு ஒரு பட்டியல் வந்தது. திருத்தங்களோடு அது இன்றளவும் நஷ்டஈட்டுக் கணக்கின் அடிப்படையாக இருந்து வருகிறது. கட்டை விரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் நூற்றுக்கு 30 போயிற்று, ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, நடுவிரலுக்கு 12, மோதிர விரலுக்கோ சுண்டு விரலுக்கோ 7. இவ்வளவு நுட்பமாகக் கணக்கிட்டவர்கள், போன தூக்கத்துக்கு ஒரு வரி எழுதவில்லை. பட்டியலில் இல்லாத பாதகத்தை வைத்தியர் மதிப்பிட வழி இருக்கிறதென்றாலும், அதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்த தொழிலாளி எத்தனை பேர்?

சரி, மாத்திரை இல்லையென்றால் வேறு என்னதான் வழி? வழி இருக்கிறது, அது மெதுவான வழி. 2004 டிசம்பர் 26-ந் தேதி ஆழிப்பேரலை நாகப்பட்டினம் ஜில்லாவில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோயிற்று. கடலைப் பார்க்கவே அஞ்சிய மீனவர்களும் குழந்தைகளும் கரையில் மிஞ்சினார்கள். அப்போது பெங்களூர் நிம்ஹான்ஸ் முதலிய ஸ்தாபனங்கள், அந்தந்த ஊர்க்காரர்களையே பழக்கி, பாதிக்கப்பட்டவர்களோடு உட்கார்ந்து கேட்கச் செய்தன. முதல் வாரங்களில் வேண்டியது அதுதான்: பத்திரமான இடம், சோறு, உறவு, வற்புறுத்தாமல் கேட்கும் ஒரு காது. 'நடந்ததையெல்லாம் இப்போதே சொல்லித் தீர்த்துவிடு' என்று குடைவது உதவாது என்பதும் ஆராய்ச்சியில் தெரிந்த விஷயம்.

நோய் நிலைத்துவிட்டால் பயிற்சி பெற்றவர்களிடம் பேச்சுச் சிகிச்சை பெற வேண்டும். பத்துப் பன்னிரண்டு அமர்வுகளில் பலர் தேறுகிறார்கள். மருந்தும் விலக்கல்ல. செர்ட்ராலின், பராக்ஸிடின் போன்றவை இந்த நோய்க்கென்றே அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றவை. அவை அன்றிரவே தூக்கம் தருவதில்லை. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். அதனாலேயே அறைத் தோழர்களிடம் அவற்றுக்கு மதிப்பில்லை. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்யலாம். 2022-இல் மத்திய சர்க்கார் தொடங்கிய 'டெலி மானஸ்' அது. தமிழிலேயே பேசுவார்கள், காசில்லை, யார் என்று ஊருக்குத் தெரியப் போவதும் இல்லை.

இளைஞர் மறுபடி வேலைக்குப் போவதும் சிகிச்சையில் ஒரு பாகந்தான். சூப்பர்வைசர் மனம் வைத்தால் இது நடக்கும்; செலவு அதிகமில்லை. முதல் நாள் ஒரு சிநேகிதரோடு ஆலை வாசல் வரை வந்து திரும்புகிறார். மறு வாரம் கான்டீனில் உட்கார்ந்து ஒரு டீ. பிறகு, ஓடாத இயந்திரத்தின் அருகே பத்து நிமிஷம். இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை ஒரே சமயத்தில் அழுத்தினாலன்றி அச்சு இறங்காதபடி இப்போது பூட்டியிருக்கிறார்கள் என்பதை அவரே அழுத்திப் பார்க்கிறார். ஒரு கையை எடுக்கிறார், அச்சு நிற்கிறது. மறுபடி எடுக்கிறார், மறுபடி நிற்கிறது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. அவர் ஓடவில்லை. சற்று நேரத்தில் படபடப்புத் தானாக இறங்குகிறது. அடுத்த ஷிப்ட்டுக்கான மணி அடிக்கிறது.